ஹாரிஸ் கவுண்டியில் வீடு வாங்குவோருக்கு எந்தக் காப்பீடுகள் தேவை? வாழ்க்கைத் தரப் புள்ளிவிவரங்கள் அதற்கு உதவுமா?

ஹூஸ்டன் நகரின் பெரும்பகுதியை உள்ளடக்கிய டெக்சஸின் ஹாரிஸ் கவுண்டியில், 2020 கணக்கெடுப்பின்படி 47 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வசிக்கின்றனர். இத்தனை பெரிய பரப்புக்கான சராசரி வருமானமோ வீட்டு விலையோ, நீங்கள் வாங்கவிருக்கும் தெருவைப் பற்றி அதிகம் சொல்லாது.

என் கணிப்பில் முதலில் பார்க்க வேண்டியது வெள்ளம்தான். வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்பதில்லை. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலின்போது நீர் புகுந்த வீடுகளில் பெரும்பாலானவை, நூற்றாண்டு வெள்ளப் பகுதி (எந்த ஓராண்டிலும் வெள்ளம் வர 1 சதவீத வாய்ப்புள்ள இடம்) என வரைபடத்தில் குறிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே இருந்தவை என்பதால், வரைபடத்தை மட்டும் நம்பிக் காப்பீட்டைத் தவிர்ப்பது விவேகமன்று. கூட்டாட்சி அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் வீட்டுக் கட்டடத்துக்கு 2,50,000 டாலர் வரையிலும், உடைமைகளுக்கு 1,00,000 டாலர் வரையிலும் ஈடு தருகிறது. ஆனால் பொதுவாக 30 நாள் காத்திருப்புக் காலம் உண்டு, ஆகவே புயல் எச்சரிக்கை வந்தபின் விண்ணப்பித்துப் பயனில்லை.

மருத்துவக் காப்பீடு அடுத்தது. காப்பீடில்லாதோர் விகிதம் நாட்டிலேயே மிக அதிகமாக உள்ள மாநிலம் டெக்சஸ். வேலை வழியே காப்பீடு கிடைக்காதவர்கள், குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் அங்கு மேலும் பலருக்கு விரிவாக்கப்படாததால், பெரும்பாலும் அரசு மானியத்துடன் காப்பீட்டுச் சந்தையில் விற்கப்படும் தனியார் திட்டங்களையே நாட வேண்டியிருக்கும்.

வாகனக் காப்பீட்டில், சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் ஒருவரின் காயத்துக்கு 30,000 டாலர் மட்டுமே. ஒரு மருத்துவமனை அனுமதிக்கே அது போதாமல் போகலாம்.