அண்ணன் நினைவு வந்தால் பைபிளை மூட வேண்டாம்

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயது. முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருக்கிறோம். அவர் கடற்றொழில். போன வருடம் ஃபோனில் அட்டவணை போட்டு, நாளுக்கு மூன்று நாலு அதிகாரமாகப் பைபிள் முழுவதையும் வாசித்து முடித்தேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. காலையில் வட்ஸ்அப்பில் வசனப் படங்கள் வருகின்றன, அவற்றையும் வாசிக்கிறேன். இயேசுவைப் பற்றி நிறையத் தெரியும், அவரோடு பழக்கம்தான் இல்லை. அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அவ அடுப்படியில் நின்றபடியே அவரோடு கதைப்பா. எனக்கு அது வரவில்லை. கண்ணை மூடித் தியானிக்க இருந்தால் 2009-இல் போரின் முடிவில் காணாமற்போன அண்ணன்தான் வந்து நிற்கிறான். பைபிளை மூடிவிடுவேன். இது பாவமா? ஜனவரியில் திரும்பவும் தொடக்கநூலில் இருந்து ஆரம்பிக்கட்டுமா?
— ஒரு வாசகி, முல்லைத்தீவு

பதில்: தங்கச்சி, ஜனவரிக் கதையைக் கடைசியில் பார்ப்போம். முதலில் உங்கள் அம்மா.

முதலாம் திருப்பாடலில், ஆண்டவரின் சட்டத்தை இரவும் பகலும் தியானிக்கிறவர் பேறுபெற்றவர் என்று வருகிறதல்லவா? தியானம் என்றதும் எங்களுக்குக் கண்ணை மூடி, வாயை மூடி, நிமிர்ந்து இருக்கும் ஓர் ஆள்தான் நினைவுக்கு வருவார். அங்கே உள்ள எபிரேயச் சொல் ‘ஹாகா’. வாய்க்குள் முணுமுணுப்பதுதான் அது. எசாயா நூலில் இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும் (31:4), நோயில் கிடந்த எசேக்கியா அரசர் புறாவைப்போல அனுங்குவதற்கும் (38:14) இதே சொல்தான் வருகிறது. ஆக, சட்டியில் கறி கொதிக்கும்போது உங்கள் அம்மா வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றாவே, அதைத்தான் திருப்பாடல் தியானம் என்கிறது. ஃபோனில் விரலால் தள்ளிக்கொண்டு நாலு அதிகாரம் போவது வேறு வேலை. அது கெட்ட வேலை இல்லை; அட்டவணையை முடித்ததற்கு உங்களை மெச்சத்தான் வேண்டும். 73 நூல்களையும் முழுதாக வாசித்த கத்தோலிக்கர் எங்கள் பங்குக் கோயில்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆனால் ஊர் ஊராகப் பஸ்ஸில் போய் வந்தவருக்கு அந்த ஊர்களில் ஒரு வீட்டையும் தெரியாது.

என் கதையையும் சொல்கிறேன். 2009-இல் போருக்குள் இருந்து நாங்கள் வெளியே வந்தபோது என் பையில் பைபிள் இல்லை. செட்டிக்குளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் தறப்பாளுக்குள் வெக்கையில் கிடந்து, மனப்பாடமாக என்ன தெரியும் என்று தேடிப் பார்த்தேன். இருபது வருடம் மறைக்கல்வி படிப்பித்தவள் நான். ‘ஆண்டவரே என் ஆயர்’ முழுதாக வந்தது. மற்றவை எல்லாம் அரைகுறை. அந்த ஆறு வசனங்களோடு பல கிழமைகள் இருந்தேன். ‘சாவின் இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கு’ என்ற இடம் வந்ததும் அதைத் தாண்டிப் போக மாட்டேன். அந்த இடத்தில் நின்று அவரோடு சண்டை பிடிப்பேன். அவரோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது அந்தச் சண்டையில்தான்.

வட்ஸ்அப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. உங்களுக்கு அடிக்கடி வருவது எரேமியா 29:11 ஆகத்தான் இருக்கும்: வளமான எதிர்காலம், நம்பிக்கை, பின்னால் ஒரு சூரிய உதயம். அதற்கு முந்திய வசனத்தை யாரும் படமாகப் போடுவதில்லை. அதில் எழுபது ஆண்டு என்று இருக்கிறது. பாபிலோனுக்கு இடம்பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. ஐந்தாம் வசனம் ‘வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் விளைச்சலை உண்ணுங்கள்’ என்கிறது. எந்த ஊர் என்று நிச்சயமில்லாமலே முற்றத்தில் தென்னம்பிள்ளை வைத்த சனம் நாங்கள். அந்தக் கடிதம் எங்களுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியப்போகிறது? படத்தை அழித்துவிட்டு அதிகாரத்தைத் திறந்து பாருங்கள்.

இனி எப்படி இருப்பது என்று கேட்பீர்கள். 12ஆம் நூற்றாண்டில் கீகோ என்ற துறவி இதை நாலு படியுள்ள ஏணியாக எழுதிவைத்தார்: வாசித்தல், அசைபோடுதல், மன்றாடுதல், சும்மா அவரோடு இருத்தல். படிகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், அதுவும் ஓர் அட்டவணை ஆகிவிடும். உங்களுக்கு இலொயோலா இஞ்ஞாசியாரின் வழி பொருந்தும் என்று நினைக்கிறேன். அவர் 1521-இல் பீரங்கிக் குண்டில் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோது இயேசுவின் வாழ்க்கையை வாசித்து மனம் திரும்பியவர். நற்செய்திக் காட்சிக்குள் நீயும் போய் நில், பார், கேள், பிறகு நண்பன் நண்பனோடு கதைப்பதுபோல அவரோடு கதை என்பார். மனம் எங்கே தட்டுப்பட்டதோ, அடுத்த நாளும் அந்த இடத்துக்கே திரும்பிப் போகச் சொல்வார்.

கரையோரப் பெண்ணுக்கு யோவான் 21-ஐ விளக்க வேண்டியதில்லை. இரவு முழுக்க மீன்பாடு இல்லாமல் வெறுங்கையோடு திரும்பும் வள்ளத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அன்றைக்கு அவர்களோடு ஒருவரும் கதை கொடுக்க மாட்டார்கள். சீடர்களும் அப்படித்தான் திரும்புகிறார்கள்; கரையில் உயிர்த்த இயேசு நிற்கிறார். கரையில் தணல், அதன் மேல் மீன், பக்கத்தில் அப்பம். தணலின் மணத்தைப் பிடியுங்கள். புதிய ஏற்பாட்டில் கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் இரண்டே இடத்தில்தான் வருகிறது. மற்ற இடம், தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்துகொண்டே ‘நான் அவருடைய ஆள் இல்லை’ என்று சொன்ன இடம். அதே மணம் மூக்கில் ஏற, கடலில் குதித்துக் கரைக்கு வந்த பேதுரு நனைந்த உடுப்போடு நிற்கிறார். இயேசு முதலில் அந்தக் கதையை எடுக்கவே இல்லை. சாப்பிட வாருங்கள் என்கிறார்.

இப்போது உங்கள் அண்ணன். பாவம் இல்லை, தங்கச்சி. கவனச் சிதறலும் இல்லை. நீங்கள் கதவைத் திறக்கிற நேரத்தில் யார் முதலில் உள்ளே வருகிறாரோ, அவரைப் பற்றித்தான் இயேசுவிடம் கதைக்க வேண்டியிருக்கிறது. யோவான் 11-ஐ எடுங்கள். அண்ணன் இறந்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. அந்த அதிகாரத்தில் இருக்கும் இரண்டு சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். சகோதரன் இலாசர் நோயில் கிடக்கிறான் என்று ஆள் அனுப்பியும் இயேசு உடனே வரவில்லை; அவன் இறந்துபோனான். மார்த்தா எதிரே போய், ‘ஆண்டவரே, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான்’ என்கிறா. அவவுக்கு இயேசு பதில் சொல்கிறார், உயிர்த்தெழுதலைப் பற்றிப் பெரிய பதில். பிறகு மரியா வந்து, காலில் விழுந்து, அதே வசனத்தையே சொல்கிறா. அவவுக்கு விளக்கம் ஒன்றும் இல்லை. ‘அவனை எங்கே வைத்தீர்கள்?’ என்று கேட்கிறார். பிறகு அழுகிறார்.

அந்த ‘எங்கே’யில் நிற்க முடியுமா என்று பாருங்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் அவர்களுடைய படங்களோடு போராட்டமாகக் குந்தத் தொடங்கியபோது கேட்டதும் அந்த ஒரு சொல்லைத்தான். உங்கள் வாயில் இத்தனை வருடமாக இருக்கும் சொல்லை அவர் வாயில் கேட்கும்போது என்ன வருகிறதோ, அதைச் சொல்லுங்கள். கோபம் வந்தால் கோபம். மரியா சொன்னதும் முறைப்பாடுதானே. ஒன்றும் வராவிட்டால் 88ஆம் திருப்பாடலை இரவல் வாங்குங்கள். ஆறுதல் வசனம் ஒன்றும் ஒட்டாமல், இருளிலேயே முடிகிற பாட்டு அது. அதுவும் பைபிளில்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் கவனம். அந்த நினைவு இரவில் நித்திரையைப் பறித்து, பகலில் சமைக்கக்கூட முடியாமல் ஆக்கினால், வைத்தியரிடமும் போங்கள். செபம் இருக்கிறது என்று அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மற்றபடி கால் மணித்தியாலம் போதும். அவர் கடலுக்குப் போன பிறகு, பிள்ளைகள் எழும்பும் முன்னர். ஃபோன் வேண்டாம், தாள் பைபிளே நல்லது. கீழே தட்டிக்கொண்டு போக முடியாது. நாலைந்து வசனங்களைக் காதில் விழும்படி வாசியுங்கள். எந்தச் சொல் தட்டுகிறதோ, அதை அன்றைக்குத் தேங்காய் துருவும்போதும் வாய்க்குள் வைத்திருங்கள். பழக்கம் இல்லாவிட்டால் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்று, என்னம்மா சொல்றீங்கள் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

ஜனவரியில் தொடக்கநூல் வேண்டாம். தவக்காலம் வரை யோவான் 11-இலேயே இருங்கள். இலாசரின் கதை முடிகிற நாற்பத்தைந்தாம் வசனம்வரை போகாவிட்டாலும் பரவாயில்லை.