ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டும் படர்தாமரை போகவில்லையே?

கேள்வி: எனக்கு வயது 34, பினாங்கு மாநிலம் பிறை நகரில் தொழிற்சாலை வேலை. தொடையிடுக்கிலும் இடுப்பிலும் படர்தாமரை. கிளினிக்கில் கொடுத்த டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் மாத்திரையை ஆறு வாரம் ஒருநாள் விடாமல் சாப்பிட்டும் குறையவில்லை. உறவினர் திருச்சியிலிருந்து வாங்கிவந்த கிரீமைப் போட்டால் அரிப்பு உடனே அடங்குகிறது, நிறுத்தினால் இன்னும் பெரிதாக வருகிறது. இப்போது மனைவிக்கும் வந்துவிட்டது. என் உடம்புக்கு மருந்து பழகிப்போய்விட்டதா டாக்டர்?

பதில்: உடம்புக்கு இந்த மருந்து பழகாது தம்பி. மருந்துக்கு அடங்காத பூஞ்சையே உங்களுக்குத் தொற்றியிருக்குமோ என்றுதான் எனக்குச் சந்தேகம். ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று ஒன்று இருக்கிறது, 2020இல்தான் அதற்குத் தனிப்பெயர் வைத்தார்கள். இந்தியாவில் பரவலாகி இன்று பல நாடுகளில் காணப்படுகிறது, 2023இல் நியூயார்க்கிலும் பதிவானது. டெர்பினாஃபின் பூஞ்சையின் ஒரு நொதியைப் பிடித்து நிறுத்தும், அதனால் பூஞ்சையால் தன் செல் சவ்வைக் கட்ட முடியாது. இந்தப் பூஞ்சைகள் பலவற்றில் அந்த நொதிக்கான மரபணு மாறியிருப்பதால் மருந்து அங்கே ஒட்டுவதே இல்லை. அப்புறம் நீங்கள் ஆறு வாரம் சாப்பிட்டாலும் பன்னிரண்டு வாரம் சாப்பிட்டாலும் ஒன்றுதான், ஆகவே நீங்களாக அளவைக் கூட்டிவிடாதீர்கள்.

எனக்கு அதிகக் கவலை அந்தக் கிரீமைப் பற்றித்தான். டியூபைத் திருப்பிப் பாருங்கள், குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும், தோலின் எதிர்ப்பையும் சேர்த்தே அடக்குவதால் பூஞ்சை அடியில் தாராளமாகப் பரவும், வட்ட வடிவம் கலைந்து டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகும். பூஞ்சை மருந்தையும் ஸ்டீராய்டையும் ஒரே டியூபில் கலந்து சீட்டு இல்லாமல் விற்பதைப் போல இந்த நோயை வளர்த்த காரியம் வேறில்லை என்பது என் கருத்து. இன்றே நிறுத்துங்கள். சில நாள் சிவந்து எரியும், பயந்து மறுபடி போட்டுவிட வேண்டாம்.

தோல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஓரத்தைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், அதை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையும் வைப்பார்கள், அதற்குச் சில வாரம் பிடிக்கும். கல்ச்சரில் பார்ப்பதற்கு இது மற்ற வகைகளைப் போலவே இருக்கும், மரபணுச் சோதனையில்தான் உறுதியாகும். அது எல்லா இடத்திலும் கிடைக்காது, ஆனாலும் டெர்பினாஃபின் கேட்கவில்லை என்பதை வைத்தே பெரும்பாலும் இட்ராகோனசோல் என்ற வேறு பூஞ்சை மருந்துக்கு மாற்றுவார்கள். அது வேறொரு நொதியைத் தாக்குவதால் பலருக்குக் கேட்கிறது. ஆறு எட்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம்.

மனைவிக்கும் கூடவே வைத்தியம் நடக்க வேண்டும், இல்லையென்றால் ஒருவருக்கொருவர் திரும்பத் தொற்றிக்கொண்டே இருக்கும். துண்டு, கைலி, படுக்கை விரிப்பு எல்லாம் தனித்தனியாக, சுடுதண்ணீரில் துவைத்து நன்றாகக் காயவைத்ததாக இருக்கட்டும்.

இட்ராகோனசோல் எல்லோருக்கும் ஒத்துவராது. இதயச் செயலிழப்பு, ஈரல் கோளாறு இருந்தாலோ, கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின் எடுத்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரைப்பை அமில மாத்திரை சாப்பிட்டால் கேப்சூல் சரியாக உடம்பில் சேராது, அதையும் சொல்லுங்கள். மனைவி கர்ப்பமாக இருந்தால், அல்லது குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தால், அவருக்கு இந்த மாத்திரை வேண்டாம், என்ன பூசலாம் என்று டாக்டர் தனியாகத்தான் முடிவு செய்ய வேண்டும்.