ஒய்.பி. வருகிறார், பெண்கள் எங்கே நிற்பது?

பினாங்கில் இருபது வருடத்துக்கு மேல், ‘ஒய்.பி.’ என்று நாங்கள் அழைக்கும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் போன்ற தலைவர்களின் வருகைகளுக்கு முன்னேற்பாடு செய்யும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். யார் காரிலிருந்து முதலில் இறங்குவது, யாருக்கு எந்த நாற்காலி, செருப்பை எங்கே விடுவது, இதெல்லாம்தான் என் பிழைப்பு. இந்த முறை வந்த வாசகர் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: வழிபாட்டுத் தலங்களுக்கு அரசியல்வாதிகள் போகும்போது ஆணுக்கு ஓரிடம், பெண்ணுக்கு ஓரிடம் என்று வருகிற சிக்கல். அதனால் அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். தைப்பூச ரதத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் அனுமதி கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த முறை.

எங்கள் ஆலயக் கும்பாபிஷேகத்துக்கு இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் வந்தார்கள். ஆண் உறுப்பினருக்குப் பூர்ண கும்பம், பரிவட்டம், மேளம். பெண் உறுப்பினருக்கு ஒரு சால்வை மட்டும். அதையும் ஆலயத் தலைவரின் மனைவி ஓரமாக அழைத்துப்போய்ப் போர்த்தினார். கேட்டால் ‘ஆகமம்’ என்கிறார்கள். உண்மையா?
ஆயர் ஈத்தாம் வாசகி

ஆகமம் என்ற சொல்லை நம் நிர்வாகங்கள் மழைக்கு எடுக்கும் குடை மாதிரி வைத்திருக்கின்றன. கோயிலை எப்படிக் கட்டுவது, சிலையை எப்படிப் பிரதிஷ்டை செய்வது, பூஜையும் திருவிழாவும் எப்படி நடப்பது என்பதெல்லாம் ஆகமத்தின் வேலை. சட்டமன்ற உறுப்பினரை வாசலில் யார் வரவேற்பது என்று அதில் தேடினால் கிடைக்காது. அது நிர்வாகத்தின் பழக்கம். பழக்கத்தைக் கூட்டம் போட்டு மாற்றலாம்.

பரிவட்டத்தை ஆணின் தலையில் கட்டுவதுதான் வழக்கம், ஒப்புக்கொள்கிறேன். பெண் தலைவருக்குக் கட்டத் தயக்கமாக இருந்தால், சாமிக்குச் சாற்றிய பட்டைத் தட்டில் வைத்து, அதே சன்னதி முன்னால், அதே மேளத்தோடு, அதே குருக்கள் கையில் கொடுக்கட்டும். திருநீறு கொடுக்கிற கைதானே அது? சால்வையும் அப்படித்தான். ஆண் தலைவர் ஒரு பெண்ணின் தோளில் போர்த்துவது சங்கடம் என்றால் மடித்துக் கையில் கொடுத்தால் போயிற்று. என்ன துணி என்பதில் நான் சண்டை போடமாட்டேன். எந்த இடத்தில், எத்தனையாவதாகக் கொடுத்தார்கள் என்பதில் போடுவேன். ஓரமாக அழைத்துப்போனதுதான் தப்பு.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. மாநில ஆட்சிக்குழுவில் இருந்த ஒரு பெண்மணியோடு தீவுக்கு அந்தப் பக்கம் ஒரு கோயிலுக்குப் போயிருந்தேன். கார் கதவு திறந்ததும் நிர்வாகத் தலைவர் ஓடி வந்து, பின்னால் இறங்கிய அவருடைய கணவர் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டார். கணவர் பள்ளி ஆசிரியர், சாதுவான மனிதர். ஒரு நொடி விழித்தார். பிறகு மாலையைக் கழற்றி மனைவியின் கையில் கொடுத்தார். அம்மையார் ஒன்றும் பேசாமல் அதை எடுத்துப்போய் முருகன் பாதத்தில் வைக்கச் சொன்னார். அடுத்த வருடம் மாலை சரியான கழுத்துக்கு வந்தது.

கோலாலம்பூரில் எங்கள் பள்ளிவாசலுக்கு அமைச்சர் வந்தால், ஆண்கள் பக்கம் நேராகப் பேசுகிறார். மாடியில் இருக்கும் எங்களுக்கு ஒலிபெருக்கிச் சத்தம்தான். கேள்வி கேட்க வழியே இல்லை. தொழுகையில் தனி வரிசை என்பதை நான் எதிர்க்கவில்லை. பேச்சுக்குமா?
செந்தூல் வாசகி

நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். தொழுகை வேறு, பேச்சு வேறு.

2018 முதல் 2020 வரை டாக்டர் வான் அஸிஸா துணைப் பிரதமராக இருந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அரசாங்கத்தில் இரண்டாவது இடம். ஆனால் தொழுகை என்று வந்தால் அவருக்கும் பெண்கள் பகுதிதான். மார்க்கம் தெரிந்தவர்கள் யாரும் அதை அவமதிப்பு என்று சொல்லவில்லை. தொழுகையில் பதவி கிடையாது, அமைச்சரும் கடைக்காரரும் தோளோடு தோள் நிற்கிறார்கள்.

ஆனால் சலாம் கொடுத்து முடிந்த பிறகு அமைச்சர் மைக்கைப் பிடித்து மானியம், விலைவாசி, வீட்டுக்கடன் என்று ஆரம்பித்தால் அது அரசாங்க நிகழ்ச்சி. அதற்குத் தொழுகைக்கூடத்தின் ஏற்பாட்டை அப்படியே நீட்டிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெரும்பாலான பள்ளிவாசல்களில் ஒரு மண்டபமோ முற்றமோ இருக்கிறது. நிர்வாகத்திடம் இதைச் சொல்லுங்கள்: அமைச்சரின் உரையை அங்கே வையுங்கள், ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள் உட்காரட்டும், இரண்டு பக்கத்துக்கும் மைக் இருக்கட்டும். தனித்தனியாக உட்காரும் முறைக்கும் இதில் பங்கம் இல்லை. நோன்புக் கஞ்சி ஊற்றும் இடத்தில் எல்லாரும் ஒரே முற்றத்தில்தானே நிற்கிறோம்?

அமைச்சரின் அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள். நிர்வாகத்தைவிட அவர்கள் சீக்கிரம் அசைவார்கள். ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிப் பேர் மாடியில் இருக்கிறார்கள் என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

நான் ஒரு பெண் சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளர். அவர் இந்து. சுராவ் என்கிற சிறு தொழுகைக்கூடத்திலிருந்து நோன்பு திறக்க அழைப்பு வந்திருக்கிறது. தூடோங் என்கிற தலைமுக்காடு போட வேண்டுமா? உள்ளே போகலாமா?
பட்டர்வொர்த் வாசகர்

2010 உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது செர்டாங் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த தியோ நீ சிங், சிலாங்கூரில் காஜாங் பக்கம் ஒரு சுராவுக்குப் போய்ப் பேசினார். முஸ்லிம் அல்லாத பெண், தலையை மூடாமல், தொழுகை இடத்துக்குள் என்று அது நாடு முழுக்கச் சர்ச்சையானது. அவர் மன்னிப்பும் கேட்டார். அந்தச் சூட்டில் அகப்பட்டது அழைத்தவர்களும்தான். அதனால் அழைப்பு இருக்கிறதே என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

முதலில் சுராவ் நிர்வாகத்திடம், மாநில இஸ்லாமிய சமயத் துறையிடம் கேட்டாயிற்றா என்று விசாரியுங்கள். சிலாங்கூரில் சமயத் தலைவர் சுல்தான். பினாங்கிலும் கூட்டரசுப் பிரதேசத்திலும் மாமன்னர். மாநிலத்துக்கு மாநிலம் கெடுபிடி மாறும். பள்ளிவாசல், சுராவில் அரசியல் பேசக் கூடாது என்பதில் சிலாங்கூர் சுல்தான் கண்டிப்பானவர்.

உடை விஷயம் சுலபம். பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு வரும் வெள்ளைக்கார சுற்றுலாப் பயணிகள் இரவல் அங்கி போட்டுக்கொள்கிறார்கள், கோலாலம்பூர் தேசியப் பள்ளிவாசலிலும் அப்படித்தான். உங்கள் ஒய்.பி. பாஜு குரோங் என்கிற முழுக்கை மலாய் உடையும் தோளில் ஒரு துண்டும் கொண்டு போகட்டும். உள்ளே போகச் சொன்னால் தலையில் போட்டுக்கொள்ளலாம். வெளியே போட்டிருக்கும் பந்தலிலேயே உட்கார்ந்து பேரீச்சம்பழம் சாப்பிட்டுவிட்டு வந்தால் இன்னும் நல்லது. காசோலை ஏதாவது கொடுப்பதாக இருந்தால் அதுவும் பந்தலில்தான்.

கனடாப் பிரதமராக இருந்த ட்ரூடோ ஆணும் பெண்ணும் பிரிந்து தொழும் பள்ளிவாசலுக்குப் போனதற்கு அங்கே திட்டினார்களாமே. பெண்ணுரிமை பேசுகிறவர் போனது சரியா?
மலாயாப் பல்கலைக்கழக மாணவி

2016 செப்டம்பரில், ஹஜ்ஜுப் பெருநாளன்று, ஒட்டாவாவில் ஒரு பள்ளிவாசலுக்குப் போனார். முந்தைய வருடம்தான் அமைச்சரவையில் பாதிக்குப் பாதி பெண்களை வைத்து, ஏன் என்று கேட்டவர்களிடம் ‘இது 2015 ஆயிற்றே’ என்று சொல்லிப் பேர் வாங்கியிருந்தார். அதனால்தான் அடி பலமாக விழுந்தது. கூடப் போன பெண் உறுப்பினர்கள் தலையை மூடி, வேறு வாசல் வழியாக வந்தார்கள் என்பது விமர்சகர்களின் முக்கியமான குற்றச்சாட்டு.

போனது சரி என்றுதான் சொல்வேன். நாட்டில் இருக்கும் மக்களை அவர்கள் பெருநாளில் போய்ப் பார்ப்பது தலைவரின் கடமை. வீட்டுக்காரர் முறை பிடிக்கவில்லை என்பதற்காகத் துக்க வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் போகாமல் இருக்கிறோமா?

அங்கே திட்டியவர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எல்லாச் சமயத்துக்கும் ஒரே தராசு பிடிக்க வேண்டும். யூதர்கள் வழிபடும் ஜெருசலேமின் மேற்குச் சுவரில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே தடுப்பு இருக்கிறது. 2017 மே மாதம் டிரம்ப் அங்கே போனபோது அவர் ஒரு பக்கம், மனைவியும் மகளும் இன்னொரு பக்கம். பதவியில் இருக்கும் அமெரிக்க அதிபர் ஒருவர் அங்கே போனது அதுதான் முதல் தடவை என்று எழுதினார்கள். தடுப்பைப் பற்றி ஒட்டாவா அளவுக்குச் சத்தம் எழவில்லை. கிரீஸில் ஆதோஸ் மலை என்று கிறிஸ்தவத் துறவி மடங்கள் நிறைந்த இடம் ஒன்று, ஆயிரம் வருடமாகப் பெண்களுக்கு நுழைவே கிடையாது. ரஷ்ய அதிபர் புதின் 2005-இலும் 2016-இலும் போய் வந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கமாவது மகள் நிற்கலாம். ஆதோஸில் படகிலிருந்து இறங்கவே முடியாது.

ஆனால் விமர்சகர்கள் சொன்னதில் ஒரு விஷயத்தை நான் தள்ளமாட்டேன். தன்னோடு வரும் பெண் சகாக்கள் வேறு வாசலில் போக வேண்டியிருக்கும் என்பது முன்னாலேயே தெரியும். அதை அவர்களிடம் சொல்லி, வருவதும் வராததும் உங்கள் இஷ்டம் என்று விட்டிருக்க வேண்டும். ட்ரூடோ சொன்னாரோ என்னவோ, நம் ஊரில் இதைச் சொல்கிற தலைவரை நான் அதிகம் பார்த்ததில்லை. வாசலுக்கு வந்தபிறகுதான் ‘அம்மா, நீங்கள் அந்தப் பக்கம்’ என்பார்கள். எனக்கே எத்தனை தடவை! கையில் கோப்பு, காதில் வாக்கி டாக்கி, தலைவர் எங்கேயோ முன்னால்.

மலேசிய அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவில் பால் பாகுபாடு கூடாது என்று இருக்கிறதே. பெண்ணைச் சன்னதி முன்மண்டபத்துக்கு விடாத கோயில்மேல் வழக்குப் போடலாமா? சபரிமலையில் போட்டார்களே?
கிள்ளான் லாமா வாசகர்

வெற்றி கிடைப்பது கடினம். 2001-இல்தான் ‘பால்’ என்ற சொல் 8(2)-இல் சேர்ந்தது. ஆனால் அந்த வரி பேசுவது சட்டங்களையும், பொது அதிகார அமைப்புகளில் நியமனங்களையும், சட்டத்தை நடைமுறைப்படுத்துவதையும் பற்றி. 2005-இல் கர்ப்பமானதால் வேலை இழந்த ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், அரசியலமைப்பு தரும் உரிமைகள் அரசுக்கு எதிராகத்தான், தனியாருக்கு எதிராக இல்லை என்ற வழியில் போனது. போதாததற்கு அரசியலமைப்பின் 11(3) ஒவ்வொரு சமயக் குழுவுக்கும் தன் சமய விவகாரங்களைத் தானே நடத்தும் உரிமையைத் தருகிறது.

சபரிமலை இந்தியாவின் சட்டம், இந்தியாவின் வழக்கு. 2018 செப்டம்பர் 28 அன்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் 10 முதல் 50 வயதுப் பெண்களையும் விட வேண்டும் என்றார்கள். மறுத்து எழுதியவர் அந்த அமர்வின் ஒரே பெண் நீதிபதி. அடுத்த வருடமே பெரிய கேள்விகள் கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வுக்குப் போய்விட்டன. அதை இங்கே கொண்டுவந்து நட முடியாது.

பினாங்கில் மட்டும் ஒரு சின்ன முடிச்சு உண்டு. தண்ணீர்மலை, குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் போன்ற கோயில்கள் இந்து அறப்பணி வாரியத்தின் கீழ். வாரியம் 1906 சட்டத்தின் வழி வந்தது. சட்டம் உருவாக்கிய அமைப்பு ‘தனியார்’ ஆகுமா என்று கெட்டிக்கார வழக்கறிஞர் கேட்கலாம். ஆனால் தண்ணீர்மலையில் 513 படி ஏறிப் போகிற பெண்களை யாரும் தடுப்பதில்லை, அதனால் கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. உங்கள் கோயில் விஷயத்தில் வழக்கைவிட ஆண்டுக் கூட்டம் மலிவு. உறுப்பினர் சந்தாவைக் கட்டிவிட்டுப் போங்கள்.

குருத்துவாராவில் எங்கள் ஒய்.பி.யும் அவர் மனைவியும் தனித்தனியாக உட்கார்ந்த படம் வந்ததும் ‘பெண்ணடிமை’ என்று கமெண்ட். விளக்கம் கொடுக்கலாமா?
ஜெலுத்தோங் வாசகர்

வேண்டாம். சீக்கிய நெறியில் அப்படி விதி இல்லை, உட்காரும் வழக்கம் மட்டுமே. தலையை மூடுவது இரு பாலருக்கும். லங்கர் என்கிற அன்னதானத்தில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடும் படத்தைப் போடுங்கள்.

மாதவிலக்கு நாளில் பணி நிமித்தம் கோயிலுக்குப் போக வேண்டியிருக்கிறது. மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வது?
பெயர் வேண்டாம்

சொல்ல வேண்டியதில்லை. போவதும் நிற்பதும் உங்கள் மனசாட்சி. உள்ளே போக விருப்பமில்லை என்றால், ‘நான் வாசல் ஏற்பாட்டைப் பார்க்கிறேன்’ என்ற ஒரு வாக்கியம் போதும். வாசலில் எப்போதும் வேலை இருக்கும். யாராவது ஏன் என்று கேட்டால், கேட்டவரைத்தான் மாற்ற வேண்டும்.

திருச்செந்தூருக்கு எங்கள் தொகுதிக் குழு போகிறது. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டுமாம். எங்கள் ஒய்.பி.க்குத் தொப்பை. படம் வெளியே வந்தால் கேலி செய்வார்கள் என்று தயங்குகிறார்.
பிறை வாசகர்

இத்தனை கேள்வியில் ஆணைப் பற்றி வந்த ஒரே சங்கடம் இதுதான்! கழற்றத்தான் வேண்டும். 2019-இல் குருவாயூரில் இந்தியப் பிரதமர் மோடியே வேட்டியும் மேல்துண்டுமாகத்தான் நின்றார். அங்கவஸ்திரம் கொஞ்சம் அகலமானதாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். படம் எடுக்கிற பையனிடம் பக்கவாட்டில் எடுக்காதே என்று முன்னாலேயே சொல்லிவையுங்கள்.