தோழி பார்த்து எழுதினால்?

அன்புடையீர்,

நான் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை. வாரம் ஒரு பாடவேளையை அறம் சார்ந்த கேள்விகளை விவாதிக்க ஒதுக்கியிருக்கிறேன். "உன் நெருங்கிய தோழி தேர்வில் பார்த்து எழுதுவதைக் காண்கிறாய், என்ன செய்வாய்?" என்று சென்ற வாரம் கேட்டேன். "உங்களிடம் வந்து சொல்வோம்" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. ஒருவர்கூடச் சொல்லமாட்டார் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். இத்தகைய விவாதங்களால் பயன் உண்டா? முடிவில் ஆசிரியர் தம் கருத்தைச் சொல்லலாமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவர்கள் பொய் சொன்னதாக நான் எண்ணவில்லை. வகுப்பறையில் கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும் ஆசிரியர் மனத்தில் ஒரு சரியான விடை உண்டு என்று பழகிப்போனவர்கள், அந்த விடையை ஊகித்துத் தந்திருக்கிறார்கள். கேள்வி அமைந்த விதமும் அதற்கு இடம் கொடுத்துவிட்டது.

வழியில் கிடந்த பணப்பையை உரியவரிடம் சேர்ப்பதா, வைத்துக்கொள்வதா என்பது போன்ற கேள்விகளை அறச்சிக்கல் என்ற பெயரில் மாணவர்களுக்குக் கொடுக்கிறோம். அதில் எது சரி என்ற குழப்பம் யாருக்கும் இல்லை. இருப்பது ஆசை மட்டுமே. இரண்டு நியாயங்கள் ஒன்றோடொன்று மோதி, எதைக் காத்தாலும் மற்றொன்றை இழக்க நேரும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. உங்கள் கேள்வி அந்த வகையைச் சேர்ந்தது. ஒரு பக்கம் உழைத்துப் படித்த மற்றவர்களுக்கு நேரும் அநீதி. மறுபக்கம் நட்பு நம்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை. இவற்றோடு, பிடிபட்டால் தோழிக்குக் கிடைக்கும் தண்டனை அவள் செய்த தவறின் அளவுக்குப் பொருந்துமா என்ற கேள்வியும் இருக்கிறது. சொல்வாயா, மாட்டாயா என்று கேட்டவுடன் இவையெல்லாம் மறைந்து, நல்ல பிள்ளையா இல்லையா என்ற தேர்வாக அது சுருங்கிவிடுகிறது.

லாரன்ஸ் கோல்பர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1958-இல் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சிறுவர்களிடம் இத்தகைய கதைகளைச் சொல்லிக் கேள்வி கேட்டார். அவற்றுள் புகழ்பெற்றது, சாகக் கிடக்கும் மனைவிக்காக மருந்தைத் திருடலாமா என்று தவிக்கும் ஹெய்ன்ஸ் என்பவரின் கதை. திருடலாம், கூடாது என்ற விடையை அவர் பெரிதாகக் கொள்ளவில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணத்தையே கவனித்தார். இந்த ஒரு பழக்கம் வந்தாலே உங்கள் வகுப்பு மாறிவிடும். ஆனால் அந்தக் காரணங்களைக் கொண்டு அறவளர்ச்சியை அளந்த கோல்பர்க்கின் அளவுகோலுக்கும் ஒரு குறை இருந்தது. கேரல் கில்லிகன் என்ற உளவியலாளர் 1982-இல் வெளியிட்ட நூலில், அதே கதையைக் கேட்ட பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியின் விடையை ஆராய்கிறார். திருடக் கூடாது, மனைவியும் சாகக் கூடாது, கடன் வாங்கலாம், மருந்துக்காரரோடு பேசிப் பார்க்கலாம் என்கிறாள் அவள். அந்த அளவுகோலின்படி அது தெளிவற்ற, மழுப்பலான விடை. கில்லிகனோ அதில் உறவுகளை அறுக்காமல் வழிதேடும் வேறொரு அறவுணர்வைக் கண்டார். உங்கள் வகுப்பிலும் யாராவது, "முதலில் அவளிடமே பேசிப் பார்ப்பேன்" என்று மெல்லிய குரலில் சொல்லக்கூடும். நழுவுகிறாள் என்று கடந்துவிடாதீர்கள். என்ன பேசுவாய், எப்போது பேசுவாய், அவள் கேட்காவிட்டால் என்ன செய்வாய் என்று தொடர்ந்து கேளுங்கள்.

பயன் உண்டா என்ற கேள்விக்கு என்னால் முழு மனத்தோடு ஆம் என்று சொல்ல முடியவில்லை. டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர்கள் இருவர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், இறையியல் மாணவர்கள் 40 பேரை உரையாற்றுவதற்காக வேறொரு கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் துவண்டு கிடந்தார். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் பத்தில் ஒருவரே உதவினார். அவசரமில்லாதவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் உதவினர். இத்தனைக்கும் அந்த மாணவர்களில் ஒரு பாதியினர் பேசவிருந்தது, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் என்ற பைபிள் கதையைப் பற்றித்தான். அறத்தைப் பேசுவதால் மட்டும் எவரும் அறவழி நடப்பதில்லை. ஆகவே எது சரி என்பதோடு நிறுத்தாமல், அதைச் செய்யவிடாமல் எது தடுக்கும் என்றும் கேளுங்கள். அவசரம், கூட்டம், தனித்துவிடப்படும் பயம் என்று மாணவர்களே பட்டியலிடுவார்கள். அவர்கள் உண்மையைப் பேசத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். பெயரில்லாமல் எழுதி வாங்கினால் இன்னும் நல்லது.

உங்கள் கருத்தைச் சொல்லலாம். கடைசியில், காரணங்களோடும் தயக்கங்களோடும் சொல்லுங்கள். மதிப்பெண்ணை மட்டும் அதன் அருகில் வரவிடாதீர்கள். வகுப்பில் உண்மையாகவே நடந்த நிகழ்வை விவாதத்துக்கு எடுக்காதீர்கள். அதற்குரிய குழந்தை அங்கேயே தலைகுனிந்து அமர்ந்திருக்கும். ஒருவரை மற்றவர்கள் துன்புறுத்துவதாகத் தெரியவந்தால், அது கருத்துக் கேட்க வேண்டிய விஷயமே இல்லை. அன்றே நீங்கள் தலையிட வேண்டும்.