போனஸ் பணத்தில் ஏ.சி-யா, கேம் கன்சோலா, புத்தகங்களா?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் 16,000 ரூபாய் வாடகை வீட்டில் மனைவி, மூன்று வயதுக் குழந்தையுடன் இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 58,000 ரூபாய். அடுத்த மாதம் 80,000 ரூபாய் போனஸ் வருகிறது. ஒன்றரை லட்சம் எஃப்.டி இருக்கிறது, அதைத் தொடுவதாக இல்லை. கிரெடிட் கார்டில் 22,000 ரூபாய் பாக்கி. மாதாமாதம் மினிமம் மட்டும் கட்டுகிறேன். இதுவரை ஆசைப்பட்டு எதுவும் வாங்கியதில்லை. ஏ.சி (42,000), கேம் கன்சோல் (55,000), கொஞ்சம் புத்தகங்கள் என்று மூன்று ஆசை. ‘நோ காஸ்ட் ஈ.எம்.ஐ-யில் எல்லாமே எடுத்துக்கொள்ளலாம்’ என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா?

பதில்: ஏ.சி வாங்குங்கள். கன்சோல் இப்போது வேண்டாம். புத்தகத்துக்குப் பெரிய தொகை எதுவும் தேவையில்லை. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், போனஸ் வந்த அன்றே கார்டு பாக்கி 22,000-ஐ முழுசாக அடையுங்கள்.

மாதம் 3.5% வட்டி என்று வைத்தால் அந்தப் பாக்கிக்கு 770 ரூபாய் வட்டி, அதன்மேல் 18% ஜி.எஸ்.டி; மொத்தம் 900 ரூபாய்க்கு மேல் மாதாமாதம் போகிறது. மினிமம் மட்டும் கட்டுபவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாகத் தேய்ப்பதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. 300 ரூபாய் மளிகைக்குக்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

அடுத்தது அந்த ‘நோ காஸ்ட்’. வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டி அளவுக்கு முன்கூட்டியே விலையில் தள்ளுபடி காட்டுகிறார்கள், அவ்வளவுதான். 42,000 ரூபாய் ஏ.சி, 12 மாதம், 16% வட்டி என்றால், தள்ளுபடி போக உங்கள் பெயரில் ஏறும் கடன் சுமார் 38,570; வட்டி சுமார் 3,430. மாதம் 3,500 வீதம் கூட்டினால் 42,000 சரியாக வரும். ஆனால் அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி யார் கட்டுவது? நீங்கள்தான். அது 617 ரூபாய். பிராசஸிங் கட்டணம் 199 என்றால் ஜி.எஸ்.டி-யோடு 235. ஆக 850 ரூபாய் கூடுதல். முதல் மாத ஸ்டேட்மென்ட்டில் 3,500-க்குக் கீழே 93 ரூபாய் தனியாக நிற்கும், பாருங்கள். இதைவிடப் பெரிய இழப்பு, ரொக்கமாகக் கொடுத்தால் கடையில் பேசிக் குறைக்கக்கூடிய ஓரிரு ஆயிரம். கையில் பணம் இருக்கும்போது ஈ.எம்.ஐ எதற்கு?

ஏ.சி-யில் விலையை விடக் கரன்ட் பில்தான் பேச வேண்டிய விஷயம். கோடையில் உங்கள் இரண்டு மாத ரீடிங் 340 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 1.5 டன் ஃபைவ் ஸ்டார் இன்வெர்ட்டர் ஏ.சி இரவு எட்டு மணி நேரம் ஓடினால் 60 நாளில் 260 யூனிட் அளவுக்கு இழுக்கும். மொத்தம் 600. 2024 ஜூலையில் மாற்றிய கட்டணப்படி 500-க்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல். அதோடு 500-ஐத் தாண்டிய நொடியில் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த மலிவு விலையும் போய்விடும். ஒரே ஒரு யூனிட் கூடினாலும் பில் இருநூறு ரூபாய்க்கு மேல் எகிறும். சுமார் 900 ரூபாயாக இருந்த பில் 2,900-ஐ நெருங்கும்.

இதை 500-க்குள் இழுத்துவர முடியும். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி ஃபேன் 30 வாட் சுற்றி. இரண்டு ஃபேனை மாற்றினால், தினம் 15 மணி நேரக் கணக்கில் 80 யூனிட் மிச்சம். ஏ.சி-யை 22-க்குப் பதில் 24-ல் வையுங்கள். டிகிரிக்கு 6% என்று கணக்கிட்டால் இன்னொரு 30 யூனிட். 490-ல் நிற்கும், பில் 1,750 அளவில் வரும். குழந்தை இருக்கும் அறைக்கு 24-ம் ஃபேனும் போதும், 18-ல் வைத்துப் போர்வைக்குள் சுருளத் தேவையில்லை.

கடையில் ஸ்டார்களை எண்ணிவிட்டு வராதீர்கள். முத்திரையில் அச்சிட்டிருக்கும் ஆண்டு யூனிட் கணக்கைப் படியுங்கள். அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. எந்த வருட முத்திரை என்பதையும் பாருங்கள். ஸ்டார் வரையறையை அவ்வப்போது இறுக்குகிறார்கள், பழைய ஸ்டாக்கின் ஐந்து ஸ்டார் இன்றைய ஐந்து ஸ்டாருக்குச் சமமாக இருக்காது. ‘போட்டுப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம்’ என்ற பேச்சை நம்ப வேண்டாம், மாட்டிய ஏ.சி-க்குப் பொதுவாகப் பழுது இருந்தால்தான் மாற்று. ஒரு வருடத்துக்குள் வீடு மாறும் எண்ணம் இருந்தால் கோடைக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பதே மேல். கழற்றி, மாட்டி, கேஸ் நிரப்பி, செம்புக் குழாய் நீட்டினால் சில ஆயிரம் கரைந்துவிடும்.

கணக்கு இப்படி வரும்: 80,000-ல் கார்டு 22,000, ஏ.சி 42,000, இரண்டு ஃபேன் 6,000, ஸ்டாண்டு, கூடுதல் குழாய், மாட்டும் கூலி 4,000. மீதம் 6,000. விளையாட்டும் புத்தகமும் இதற்குள்தான்.

கன்சோல் 55,000-த்தோடு முடியாது. இரண்டாவது கன்ட்ரோலர், ஒன்றுக்கு நாலாயிரம் ஐயாயிரம் என்று புது கேம்கள், ஆன்லைனில் சேர்ந்து ஆட மாதச் சந்தா என்று வரிசையாக வரும். மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதும் உங்களுக்கே தெரியாது. எட்டு வாரம் சோதித்துப் பாருங்கள். கேமிங் கஃபேயில் மணிக்கு நூறு ரூபாய் அளவில் ஆடலாம். வீட்டில் சுமாரான லேப்டாப் இருந்தால் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கிய கேமை 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கலாம். பிளேஸ்டேஷன் கன்சோலுக்கான ஆன்லைன் கடையான பிளேஸ்டேஷன் ஸ்டோரில் அந்தத் தாராளம் இல்லை: பதிவிறக்கிவிட்டாலே, கேமில் கோளாறு இருந்தாலொழிய, பணம் வராது. பிற்பாடு கன்சோலே வாங்குவதென்றாலும் டிஸ்க் போடும் மாடலாகப் பாருங்கள். முடித்த டிஸ்க்கை விற்கலாம், செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். டிஜிட்டலில் வாங்கியது உங்கள் கணக்கோடு கட்டிப்போட்டது.

‘முதல் மாதம் இலவசம்’ சந்தாக்களில் சேரும்போதே ஆட்டோபே, அதாவது மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் அனுமதி வாங்கிக்கொள்வார்கள். 15,000 ரூபாய் வரை ஓ.டி.பி கேட்காமலே பணம் எடுக்க விதி இடம் கொடுக்கிறது. 24 மணி நேரம் முன்னால் ஒரு தகவல் வரும், அது மற்ற எஸ்.எம்.எஸ்-களுக்கு நடுவே மறைந்துவிடும். சேர்ந்த அன்றே யு.பி.ஐ செயலியின் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள்.

புத்தகத்துக்குப் பக்கத்துக் கிளை நூலகத்தில் சின்ன டெபாசிட் கட்டி உறுப்பினராகுங்கள். எடுத்ததில் எது முழுசாகப் படிக்க முடிந்தது, எது பாதியில் நின்றது என்று மூன்று மாதம் குறித்துவைத்தால், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகும்போது வாங்கும் பட்டியல் தானாகக் கிடைக்கும். அங்கே வழக்கமான 10% தள்ளுபடியும் உண்டு. பதிப்பாளர் அரங்கில் கண்ணுக்குப் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து அலமாரியில் அடுக்குவது நம் ஊரின் செல்ல வியாதி. அதற்கு 2,000 ரூபாய் எல்லை போடுங்கள்.

ஏ.சி-க்கு முன்பணம் கொடுக்கும் முன் வீட்டு உரிமையாளரிடம் சுவரில் துளை போடவும், வெளி யூனிட் வைக்கவும் சம்மதம் கேட்டு வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். அட்வான்ஸ் திரும்பக் கேட்கும் நாளில் அந்தத் துளைதான் பேச்சுக்கு வரும்.