பதினெட்டாயிரம் ரூபாய் வேலி

கேள்வி: வயது 27. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. வீடு காங்கேயம் பக்கம் தோட்டத்தில். காலேஜ் முடித்த நாளிலிருந்து அதே நூறு பாட்டைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறேன். புதுப் பாட்டு எதுவும் அரை நிமிடத்துக்கு மேல் தாங்குவதில்லை. பழைய இசைக்குள் எங்கே நுழைவதென்றே தெரியவில்லை. ஆபீஸில் மற்றவர்கள் பாட்டைப் பற்றிப் பேசும்போது ஊமை மாதிரி நிற்கிறேன். முயற்சி செய்யாமல் இல்லை. சாயங்காலமானால் அப்பாரு (தாத்தா) திண்ணையில் டேப் ரெக்கார்டரில் உடுக்கைப் பாட்டைச் சத்தமாக வைத்துவிடுவார். அதனால் வெளிச்சத்தம் உள்ளே வராத ஹெட்போன் 18,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். ரசனையை விரிவாக்க எந்த ஆப் நல்லது?
— பெயர் வேண்டாம், காங்கேயம்

பதில்: எந்த ஆப்பும் வேண்டாம் தம்பி. அந்த ஹெட்போனைப் பற்றிப் பேசுவோம்.

பழைய இசைக்குள் எங்கே நுழைவது என்று கேட்கிறீர்கள். அது தினமும் சாயங்காலம் உங்கள் வீட்டுத் திண்ணைக்கே வருகிறது. அது காதில் விழக் கூடாதென்று 18,000 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். உங்கள் ஊர்ப் பக்கம் கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் நிலத்தை, சுற்றிக் கிளுவை வேலி போடுவார்கள், மேய்கிற மாடு வெளியே போகாமலிருக்க. நீங்களும் ஒரு வேலி போட்டுக்கொண்டு, அதற்குள்ளேயே நூறு பாட்டை மேய்ந்துவிட்டுப் புல் தீர்ந்துபோச்சு என்கிறீர்கள்.

இந்தப் புலம்பல் எனக்குப் புதிதில்லை. எழுதுகிற எல்லோரும் பட்டியல்தான் கேட்கிறார்கள். பட்டியல் எதற்கு உதவும்? எது வந்தாலும் அரை நிமிடத்தில் தள்ளிவிடுகிற விரல் உங்களுடையது. ஸ்பாட்டிஃபை கணக்கில் ஒரு பாட்டு 30 வினாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகச் சேரும். பாட்டு போடுகிறவர்களுக்கும் அது தெரியும். காதைப் பிடித்திழுக்கிற கொக்கியை முதலிலேயே மாட்டிவிடுகிறார்கள். நீங்கள் எதைத் தள்ளவில்லையோ அதைப் போலவே இன்னொன்றை ஆப் கொடுக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுக்காத ஒன்றைக் கேட்டுப் பழகாமல் ரசனை விரியாது. வீட்டில் பெரியவர் வைக்கிற பாட்டுக்குக் காது கொடுப்பது மரியாதை மட்டுமில்லை, உங்களுக்குத் தேவைப்படுகிற பயிற்சியும் அதுதான்.

உங்கள் பக்கத்துத் திண்ணையில் உடுக்கைப் பாட்டு என்றால் பெரும்பாலும் அண்ணன்மார் கதையாக இருக்கும். பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி. இரவு இரவாகப் பாடப்பட்ட கதை. 1965இல் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் கடல் கடந்து உங்கள் காங்கேயம் பக்கம் வந்து தங்கி, இந்தக் கதையைப் பாடச் சொல்லி டேப்பில் பதிந்துகொண்டு போனார். நீங்கள் எட்டடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு காதை அடைத்துக்கொள்கிறீர்கள். வெட்கப்பட வேண்டாமா?

அப்பாரு ஏன் சத்தமாக வைக்கிறார் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? வயதானால் காதில் முதலில் குறைவது கீச்சொலி. கேசட் நாடாவை உரசிப் படிக்கிற டேப் ஹெட்டில் அழுக்கேறினாலும் முதலில் போவது அதே கீச்சொலிதான். இரண்டும் சேர்ந்தால் சொல் புரியாது, புரியாதபோது வால்யூமைத்தான் ஏற்றுவார்கள். ஹெட்போன் வாங்கிய காசில் ஒரு துளியைச் செலவழித்து அந்த டேப் ரெக்கார்டரைத் துடைத்திருக்கலாம்.

பிளக்கைப் பிடுங்குங்கள். பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு, ஹெட்டையும் பக்கத்தில் சுழலும் இரும்புக் குச்சியையும் பஞ்சில் கறை வருவது நிற்கும் வரைக்கும் துடையுங்கள். பழுப்பாக வருவது கேசட் நாடாவிலிருந்து உதிர்ந்த இரும்பு ஆக்சைடுத் தூள். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேண்டாம், ரப்பர் காய்ந்து வெடிக்கும், ஈரத்துணி போதும். தேங்காயெண்ணெய், சானிடைசர் எதுவும் கிட்டே வரக் கூடாது. துடைத்த பிறகும் பாட்டு இழுத்து இழுத்து ஓடினால் உள்ளே பெல்ட் தளர்ந்திருக்கிறது. பழைய ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவரிடம் செட்டோடு கொண்டுபோங்கள். பெல்ட்டை அளந்துதான் மாற்ற வேண்டும், கண் மதிப்பில் வாங்கினால் மறுபடி இழுக்கும்.

அடுத்தது கேசட்டுகள். அவை எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. திருவிழாவிலோ கோயிலிலோ யாரோ பதிந்து கொடுத்ததாக இருந்தால் உலகத்தில் அந்த ஒரு பிரதிதான் இருக்கும். முதல் வேலையாக மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் பல்லையும் உடைத்துவிடுங்கள், தவறி ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் அழியாது. உள்ளே சுருளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. அதைப் போடவே போடாதீர்கள், ஹெட்டுக்கு ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். தனியாக எடுத்து வையுங்கள். நடுவில் டேப்புக்குப் பின்னால் தபால்தலை ஓரம் அளவுக்கு ஒரு கம்பளித் துண்டு இருக்கும். அது விழுந்திருந்தால் சத்தம் ஏறி இறங்கும். திருகு போட்ட கேசட் என்றால் ஐந்து திருகையும் கழற்றி, வேறொரு பழைய கேசட்டிலிருந்து எடுத்து மாற்றலாம். நெடுநாள் கிடந்த கேசட்டைப் போடுவதற்கு முன் ஒரு முறை கடைசிவரை சுற்றித் திருப்பிக்கொண்டு வாருங்கள். ஒட்டிக் கிடக்கும் சுற்றுகள் பிரியும்.

போனை ஸ்பீக்கர் முன்னால் பிடித்துப் பதியாதீர்கள். காகமும் பைக்கும் சேர்ந்து பதிவாகும். டேப்பின் ஹெட்போன் துளையிலிருந்து 3.5 மி.மீ. ஒயர் மூலம் எடுங்கள். லேப்டாப்பின் மைக் துளையில் நேரே சொருகினால் சத்தம் உடையும். லைன் இன் (வெளிக் கருவியின் சத்தத்தை வாங்கிக்கொள்ளும் துளை) உள்ள யூ.எஸ்.பி. சவுண்டு கார்டு ஒன்று வேண்டும். பதிவதற்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். ஒலியளவின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்து, 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 10.5 எம்.பி. ஆகும், 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் ஏறத்தாழ 475 எம்.பி. இரைச்சல் நீக்குவதைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள். அதிகம் நீக்கினால் உடுக்கையின் சரசரப்பும் சேர்ந்து போய்விடும். உங்கள் ஹெட்போனுக்கு இங்கேதான் நியாயமான வேலை: பதிவைச் சரிபார்க்க.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். கேசட்டின் மேல் “பொன்னர் 4” என்று மட்டும்தான் எழுதியிருக்கும். பாடியது யார், எந்த ஊர்ச் சாவடி, எந்த வருஷம், பின்பாட்டு யார், அதெல்லாம் அப்பாருவுக்கு மட்டும்தான் தெரியும். கேட்டு எழுதுவது பேரனின் கடமை. சம்பளம் வாங்குகிற பேரன், அவர் போன பிறகு கேசட்டை எடுத்து வைத்து அழுவது எனக்குப் பிடிக்காது. சாயங்காலம் அவரோடு திண்ணையில் உட்கார்ந்து பாட்டைக் கேளுங்கள். அப்போது அர்த்தம் கேட்காதீர்கள், அவருக்கும் எரிச்சல் வரும். வசனம் எங்கே பாட்டாகத் திரும்புகிறது, உடுக்கையின் கயிற்றை அமுக்கும்போது சுருதி எப்படி ஏறி இறங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள். அரை மணி நேரம். விரலுக்கு வேலை இல்லை.

மூன்று நான்கு வாரம் இதைச் செய்த பிறகு மற்றதுக்குப் போகலாம். கொங்கு நாட்டை விட்டு வெளியே போவதற்குள்ளேயே நிறைய இருக்கிறது. கொடுமுடியில் 1908இல் பிறந்த பாடகி, நாடக நடிகை கே.பி. சுந்தராம்பாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டிய குரல் அது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அந்தக் கால 10 அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான் பிடிக்கும். அதற்குள் பாட்டை எப்படி முடித்தார்கள் என்று பாருங்கள். சினிமாப் பாட்டின் அளவும் அங்கிருந்து வந்தது. பிறகு பூளவாடிக்காரரான பாடலாசிரியர் உடுமலை நாராயணகவி (1899–1981), கும்மியும் சிந்தும் சினிமாவுக்குள் எப்படி நுழைந்தன என்று அவர் பாட்டில் தெரியும். வள்ளி ஒயில் கும்மியை நேரில் போய்ப் பாருங்கள். காரமடைப் பக்கத்துப் பத்ரப்பன் அதைக் கற்றுக்கொடுத்ததற்காக 2024இல் பத்மஸ்ரீ பெற்றார். போனில் பார்த்தால் காலடித் தாளம் பாதிகூட வராது.

புதியதற்கு: உலகம் முழுக்க ஆல்பங்கள் 2015 ஜூலையிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் வருகின்றன. வாரம் ஒன்று, ஒன்றே ஒன்று. ஆட்டோபிளேயை அணைத்துவிட்டு முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். ஞாயிறு ஒரு தடவை, நடுவாரம் ஒரு தடவை, அடுத்த வெள்ளி ஒரு தடவை. மூன்றாம் முறையும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், குற்றமில்லை. பிடித்தால் இசையமைப்பாளரோடு நிற்காமல் வாசித்தவர் பெயரைப் படியுங்கள். நாதஸ்வரமோ கிட்டாரோ, அந்த ஆளின் வேறு வேலைகளைத் தேடிப் போனால் வகை தானாக மாறும். தமிழ் ராப் வேண்டுமென்றால் உங்கள் பக்கத்திலேயே ஆரம்பிக்கலாம், ஹிப்ஹாப் தமிழா ஆதி கோவைக்காரர்தான். கானாவும் ராப்பும் கலந்தது வேண்டுமென்றால் சென்னைக் குழுக்களிடம் போங்கள்.

ஆபீஸில் ஊமையாக நிற்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. அடுத்தவர் முன்னால் பேசுவதற்காகப் பாட்டுக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது.

வருகிற ஞாயிறு காலையில் டேப் ரெக்கார்டரைத் துடையுங்கள். அதற்கு முன் அப்பாருவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கேட்காமல் கேசட் பெட்டியில் கை வைத்தால் திட்டு விழும், விழ வேண்டியதுதான்.