நிலம் போனால் நாடு போகுமா?

அன்புள்ள ஐயா,

கடல் மட்டம் உயர்வதால் மூழ்கும் அபாயத்தில் இருக்கும் பசிபிக் தீவு நாடு துவாலு, நிலம் போனாலும் நாடாகவே நீடிப்போம் என்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஏற்காட்டில் மலைமேல் உட்கார்ந்துகொண்டு கடல் மட்டத்தைப் பற்றிக் கேட்கிறேன், சிரிக்காதீர்கள். மண்ணே மூழ்கிய பிறகும் அதை நாடு என்பது வீம்பு இல்லையா? ஆஸ்திரேலியா இடம் தருகிறதே, போய்ச் சேர வேண்டியதுதானே?

— ஒரு வாசகர், ஏற்காடு

அன்புள்ள நண்பருக்கு,

வீம்புதான். ஆனால் கணக்குத் தெரிந்த வீம்பு. துவாலுவின் நிலம் மொத்தமே சுமார் 26 சதுர கிலோமீட்டர். அதற்கு உரிமையான கடலோ பல லட்சம் சதுர கிலோமீட்டர். அங்கே சூரை மீன் பிடிக்க வரும் வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டும் உரிமத் தொகை அந்த அரசாங்கத்துக்குப் பெரிய வருமானம். நாடே இல்லை என்றாகிவிட்டால் அந்தக் கடல் யாருக்கு?

ஒரு நாடு என்பதற்கு மக்கள், நிலம், அரசு, பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன் என்று நாலு தகுதிகளை 1933ஆம் ஆண்டின் மான்டிவிடியோ ஒப்பந்தம் சொல்கிறது. சரி, நிலம் அதில் ஒன்றுதான். ஆனால் பின்னால் ஒன்று குறைந்தால் பேரை அடித்துவிடலாம் என்று அதில் எங்கும் இல்லை. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமும் தன் ஆலோசனைக் கருத்தில், ஒரு கூறு மறைவதால் மட்டும் நாடு என்ற நிலை போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை என்றது. வக்கீல் பாஷை, முழு உறுதி இல்லை. துவாலு அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. 2023லேயே அரசியலமைப்பைத் திருத்தி, எது வந்தாலும் நாடு நிலைக்கும் என்று எழுதிக்கொண்டது.

ஆஸ்திரேலியா துவாலுவோடு போட்ட ஒப்பந்தப்படி எடுத்துக்கொள்வது ஆண்டுக்கு 280 பேரை. அதே ஒப்பந்தத்தில், துவாலுவின் இறையாண்மை தொடரும் என்றும் எழுதி வாங்கியிருக்கிறார்கள். ஆளுக்கு வீடு கிடைப்பது வேறு, நாடு நிலைப்பது வேறு.

மேட்டூர் அணை வற்றுகிற கோடையில் ஒருமுறை பண்ணவாடிப் பக்கம் இறங்கி வாருங்கள். 1934இல் அணை கட்டி முடித்தபோது மூழ்கிய ஊர்களின் மிச்சமாக நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தண்ணீருக்கு வெளியே தலைகாட்டும். நான் போனபோது பரிசல்காரர் ஒருவர் துடுப்பை நீட்டி, அவர் தாத்தாவின் காடு இருந்த இடத்தைக் காட்டினார். பரிசலுக்குள் ஈர வலை, நாலைந்து கெண்டை. அப்புறம் எங்கோ பார்த்தபடி சொன்னார்: “எங்க காட்டு மேலயே மீன் பிடிக்கிறேங்க. அதுக்கும் லைசென்ஸ் எடுக்கணும்.”